லேயில் சிபாப்: உயரத்தில் ஆக்சிஜனையும் சேர்த்து மாட்டுவது எப்படி

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்காகத் தினமும் சிபாப் மெஷின் மாட்டித் தூங்குகிறவர் லடாக்குக்கு, அங்குள்ள லே நகரத்துக்குப் போகத் திட்டமிட்டால், இரண்டு விதமான ஆலோசனை காதில் விழும். "மெஷின்தான் காற்றைத் தள்ளுகிறதே, அங்கேயும் அதுவே போதும்" என்பார் ஒருவர். "ஓட்டலிலேயே சிலிண்டர் வைத்திருப்பார்கள், மெஷினை எதற்குச் சுமக்கிறாய்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. சிபாப்பும் ஆக்சிஜனும் ஒரே வேலையைச் செய்பவை என்று இருவருமே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாய்க்கால் தூர்ந்து கிடப்பது ஒரு சிக்கல். ஏரியில் தண்ணீர் குறைந்து போவது வேறொரு சிக்கல். சிபாப் வாய்க்காலைத் தூர்வாருகிறது. உயரமான ஊரில் ஏரியே வற்றியிருக்கிறது. எவ்வளவு தூர்வாரினாலும் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பினாலும் தூர்ந்த வாய்க்காலில் தண்ணீர் வராது.

என்ன குறைகிறது, எவ்வளவு குறைகிறது

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடியும் மெல்லண்ணமும் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. நெஞ்சு இழுக்கிறது, காற்று போவதில்லை. மூக்கு வழியாகத் தொடர்ந்து லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் பாதை மூடாது என்று 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழு காட்டியது. அதுதான் சிபாப். மருத்துவர் 8, 10, 12 என்று எழுதித் தரும் எண், செ.மீ. நீர் அளவிலான அழுத்தம். மெஷின் உறிஞ்சித் தள்ளுவது அறையில் இருக்கும் அதே காற்றைத்தான்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் லேயிலும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது மொத்தக் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மி.மீ. பாதரசம். மூச்சுக்குழாயில் காற்று ஈரமாகும்போது நீராவி 47 மி.மீ.யை எடுத்துக்கொள்கிறது. மீதி 713-இல் 21 சதவீதம் என்றால் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 149. இதே கணக்கை 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்குப் போட்டால் 111 வரும். சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் லேக்கு 93. பாங்காங் ஏரிக்கரையில், ஏறத்தாழ 4,250 மீட்டரில், 84.

சென்னைக்கும் லேக்கும் இடையில் இழப்பு 55 மி.மீ.க்கு மேல். சிபாப் இதை ஈடுகட்டுமா? 10 செ.மீ. நீர் அழுத்தம் என்பது 7.4 மி.மீ. பாதரசம். அதில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றரை மி.மீ. அவ்வளவுதான். லேயில் இறங்கிய முதல் நாளில், எந்த நோயும் இல்லாதவருக்கே பல்ஸ் ஆக்சிமீட்டர் 85 முதல் 90 வரை காட்டுவது வழக்கம். தூங்கினால் இன்னும் இறங்கும். அடித்தளமே அங்கே இருக்கும்போது தொண்டையும் அடைத்தால், ஊரில் 92-இல் நின்ற இறக்கம் லேயில் 70-களுக்குப் போகும். அதனால் முதல் விதி: உயரத்தில் சிபாப்பை விட்டுவிட்டுப் போகவே கூடாது. ஆக்சிஜன் அதோடு சேர்வது. அதற்குப் பதிலாக வருவதல்ல.

லடாக் மட்டுமல்ல. பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர், கேதார்நாத் சுமார் 3,580, முக்திநாத் 3,700-க்கு மேல். திவ்ய தேசம், பாடல் பெற்ற தலம் என்று அறுபது வயதுக்கு மேல் கிளம்புகிறவர்களில் குறட்டைக்காரர்கள் குறைவில்லை. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு, இதயமும் நுரையீரலும் நன்றாக இருப்பவருக்கு சிபாப் மட்டுமே பொதுவாகப் போதும். இந்தக் கட்டுரை அதற்கு மேலே போகிறவர்களுக்கானது.

மலையில் புதிதாக முளைக்கும் ஆப்னியா

உயரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. இதற்குத் தொண்டை காரணமல்ல, மூளை.

ஆக்சிஜன் குறைந்ததும் உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடுகிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. தூக்கத்தில் "மூச்சு விடு" என்று மூளை கட்டளையிடுவது பெரும்பாலும் அந்தக் கார்பன் டை ஆக்சைடின் அளவைப் பார்த்துத்தான். அது ஒரு வரம்புக்குக் கீழே போனதும் கட்டளை நின்றுவிடுகிறது. பாதை திறந்தே இருக்கும், நெஞ்சு அசையாது. சில நொடிகளில் கார்பன் டை ஆக்சைடு ஏற, ஆக்சிஜன் இறங்க, மூளை திடுக்கிட்டுப் பெருமூச்சாக நாலைந்து இழுக்க வைக்கும். மறுபடி நிற்கும். ஏறக்குறைய 20, 30 நொடிக்கு ஒரு சுற்று என்று இரவு முழுக்க ஓடும். மூச்சுத்திணறலோடு விழித்து எழுந்து உட்காருவது பலருக்கு இதனால்தான்.

மெஷினின் பதிவில் இது தனியாகத் தெரியும். சில மெஷின்கள் "சென்ட்ரல்" என்றும், சில "கிளியர் ஏர்வே" என்றும் பிரித்துக் காட்டும். ஊரில் ஏ.எச்.ஐ. (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்) 2 காட்டிய மெஷின் லேயில் 15, 20 காட்டினால் மெஷின் கெட்டுவிட்டதாகவோ மாஸ்க் சரியில்லை என்றோ அர்த்தமில்லை. பிரித்துப் பார்த்தால் கூடியது பெரும்பாலும் சென்ட்ரலாகவே இருக்கும்.

இங்கேதான் பலர் செய்யும் ஒரு தவறு. எண் ஏறிவிட்டதே என்று தாங்களாகவே அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். அழுத்தம் கூடினால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் வெளியேறலாம். சென்ட்ரல் இன்னும் மோசமாகலாம். இதற்கு மருந்து அழுத்தமல்ல. ஆக்சிஜன் ஒரு மருந்து: குறைபாடு தணிந்தால் வேகமூச்சும் தணிகிறது, சுற்று அடங்குகிறது. அசிட்டசோலமைடு இன்னொன்று, டயமாக்ஸ் என்ற பெயரில் மலைப் பயணிகளுக்குத் தெரிந்த மாத்திரை. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஆப்னியா உள்ள 51 பேரை 2,590 மீட்டர் வரை கூட்டிப்போய்ச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ சிபாப்போடு இந்த மாத்திரையும் சேர்ந்தபோது மூச்சு நிற்பது குறைந்தது, ஆக்சிஜன் அளவும் உயர்ந்தது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் அடிக்கடி சிறுநீரும் வரும். சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

மெஷினுக்கும் ஓர் எல்லை உண்டு

சிபாப்பின் உள்ளே இருப்பது ஒரு சிறு காற்றாடி. அது எழுப்பும் அழுத்தம், காற்றின் அடர்த்தியையும் சுற்றும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. லேயில் அடர்த்தி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒரே வேகத்தில் சுற்றினால் 10 வர வேண்டிய இடத்தில் ஆறரைதான் வரும். பத்தையே எட்ட வேண்டுமென்றால் சுமார் 24 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும்.

அழுத்த உணரி உள்ள இன்றைய மெஷின்கள் இதைத் தாங்களே செய்துகொள்ளும். பழைய சில மெஷின்களில் உயரத்தைக் கையால் மாற்ற வேண்டும்; மெனுவில் 1, 2, 3 என்று இருக்கும். தானே சரிசெய்யும் மெஷினுக்கும் வரம்பு உண்டு. ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10-இன் கையேடு 2,591 மீட்டர் வரை என்கிறது. ஏர்சென்ஸ் 11-க்கு 3,010 மீட்டர். லே இரண்டுக்குமே அப்பால். வரம்பைத் தாண்டியதும் மெஷின் நின்றுவிடும் என்று இதற்குப் பொருளல்ல. குறித்த அழுத்தம் கிடைக்கும், பதிவு சரியாக இருக்கும் என்பதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கவில்லை என்பதுதான் பொருள். 8, 9 அழுத்தத்தில் இருப்பவருக்குக் காற்றாடியில் இன்னும் இடம் மிச்சமிருக்கும். 16, 18-இல் இருப்பவருக்கு ஊரிலேயே அது உச்சத்துக்கு அருகில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே போனால் திணறும். அப்படிப்பட்டவர் டிக்கெட் போடும் முன் தூக்க மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

2 லிட்டர் ஆக்சிஜன் உண்மையில் எவ்வளவு?

மூக்கில் நேராகக் குழாய் வைத்து நிமிடத்துக்கு 2 லிட்டர் கொடுப்பதும், சிபாப் குழாயில் 2 லிட்டர் சேர்ப்பதும் ஒன்றல்ல. சிபாப் மாஸ்க்கில் மூச்சுவிட்ட காற்று வெளியேறச் சிறு துளைகள் உண்டு. 10 செ.மீ. அழுத்தத்தில் அவற்றின் வழியே நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். நாம் விடும் 2 லிட்டர் அந்த 35-இல் கரைகிறது.

கணக்கு இது: செறிவூட்டி (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) தரும் 2 லிட்டர் ஆக்சிஜன், 93 சதவீதம், மீதி 33 லிட்டர் அறைக் காற்று, 21 சதவீதம். கலந்தால் 25 சதவீதம். வெறும் 4 சதவீத உயர்வுதானா என்று தோன்றும். ஆனால் லேயின் அழுத்தத்தில் 25 சதவீதம் என்றால் ஆக்சிஜன் அழுத்தம் 93-இலிருந்து ஏறக்குறைய 112-க்கு வருகிறது. மேலே பார்த்த ஊட்டியின் எண் 111. அதாவது 2 லிட்டர் சேர்த்தால் லேயில் படுத்துக்கொண்டு ஊட்டிக் காற்றை மூச்சுவிடலாம். 1 லிட்டர் என்றால் சுமார் 2,800 மீட்டருக்குச் சமம். 3 லிட்டர் என்றால் 1,600 மீட்டர் பக்கம். பாங்காங்கில் அதே 2 லிட்டர், 3,000 மீட்டர் அளவுக்குத்தான் இறக்கும். தோராயக் கணக்குதான், மாஸ்க்குக்கு மாஸ்க் மாறும். ஆனாலும் பலருக்கும் 1 முதல் 3 லிட்டருக்குள்ளேயே வேலை முடிவது ஏன் என்று இது காட்டுகிறது.

இதே கணக்கு கசிவின் விலையையும் சொல்லும். மாஸ்க் ஓரத்தில் நிமிடத்துக்கு இன்னொரு 24 லிட்டர் ஒழுகினால், அதே 2 லிட்டர் ஆக்சிஜன் 25-க்குப் பதில் 23 சதவீதம்தான் தரும். ஊரில் கசிவு என்பது சத்தம், கண் உலர்வது என்ற அளவிலான தொந்தரவு. இங்கே கசிவு ஆக்சிஜனைத் திருடுகிறது. ஆக்சிஜன் அளவு ஏறவில்லை என்றால் லிட்டரைக் கூட்டும் முன் மாஸ்க் பட்டையைப் பாருங்கள். வாய் திறந்து தூங்குகிறவர் மூக்கு மாஸ்க்கோடு போனால் பாதி ஆக்சிஜன் அறைக்குத்தான்.

மாஸ்க்குக்கு அடியில் மூக்குக் குழாயை நுழைத்து மாட்டுவதும் உண்டு. குழாய் போகும் இடத்தில் மாஸ்க் தூக்கிக்கொண்டு கசியும், கன்னத்தில் புண் வரும். வேறு வழியே இல்லாத இரவுக்கு மட்டும்.

எதிலிருந்து ஆக்சிஜன்

லே கடைவீதியில் விற்கும் ஸ்ப்ரே டப்பா முதலில். 10 லிட்டர் கொண்ட டப்பா என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்து நிமிடம். தூக்கத்துக்கு அது பைசா பெறாது.

தோளில் மாட்டும் சிறிய செறிவூட்டி பார்க்க அழகு, விலையும் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை நாம் மூச்சை இழுக்கும் கணத்தை உணர்ந்து, அந்தக் கணம் மட்டும் ஒரு வீச்சு ஆக்சிஜன் விடுபவை. இழுக்கும்போது குழாயில் ஏற்படும் மிகச் சிறிய அழுத்தக் குறைவுதான் அவற்றுக்குச் சைகை. சிபாப் குழாயில் எப்போதுமே அழுத்தம் கூடுதல், சைகையே போகாது. கருவி வீச்சையே விடாது, அலாரம் மட்டும் அடிக்கும்; அல்லது தன் போக்கில் எப்போதாவது விடும். சிபாப்போடு சேர்க்க "தொடர் ஓட்டம்" உள்ள கருவிதான் வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. முன்பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். வீச்சுக் கருவியில் அந்த எண் லிட்டர் அல்ல, வெறும் படிநிலை.

அடுத்தது, 2021-இல் வீட்டுக்கு வீடு பேர் தெரிந்துபோன 5 லிட்டர் செறிவூட்டி. காற்றை அழுத்தி ஜியோலைட் மணிகள் வழியே விட்டு நைட்ரஜனைப் பிடித்துவைத்து, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தரும். சிபாப்புக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் மூன்று சிக்கல்கள். உள்ளே இழுக்கும் காற்றே மெலிந்திருப்பதால் உயரத்தில் சுத்தம் குறையும். பல மாடல்களின் வரம்பு 2,300 மீட்டர் அளவில் முடிகிறது, சில 4,000 வரை போகும். சுத்தத்தைக் காட்டும் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனால் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். குறைத்தால்தான் சுத்தம் ஏறும். இரண்டாவது மின்சாரம்: 300 முதல் 350 வாட். எட்டு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட் பக்கம். இரவு பத்து, பதினோரு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தும் ஏரிக்கரைக் கூடாரத்தில் இது வெறும் பெட்டி. மூன்றாவது குளிர்: அறை வெப்பம் 5, 10 டிகிரிக்குக் கீழே போனால் பல மாடல்கள் சரியாக ஓடாது.

சிலிண்டருக்கு உயரமும் தெரியாது, கரண்ட்டும் தெரியாது. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர் தண்ணீர். 150 பார் நிரப்பினால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். மிச்சம் எவ்வளவு என்று அறிய, கேஜ் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்: 75 காட்டினால் 750 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர், எட்டு மணி நேரம் என்றால் ஓர் இரவுக்கு 960 லிட்டர். ஆகவே ஒரு பி டைப் ஒன்றரை இரவு. மூன்று இரவுக்கு இரண்டு சிலிண்டர், கொஞ்சம் கூடக் கைவசம். "சிலிண்டர் இருக்கிறது சார்" என்று ஓட்டலில் சொன்னால், எத்தனை, எந்த டைப், கேஜில் எவ்வளவு, ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் இருக்கிறதா என்று நாலையும் கேளுங்கள். அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் தலைவலி வந்தவருக்கு அரை மணி நேரம் கொடுப்பதற்கு.

நிரப்பிய சொந்தச் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். லேயிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். சிபாப்பைக் கைப்பையில் எடுத்துச்செல்லுங்கள். லித்தியம் பேட்டரிகளும் கேபினில்தான் வர வேண்டும், 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு.

இணைப்பது

தேவையான உதிரிப் பொருள் ஒன்றுதான்: ஆக்சிஜன் அடாப்டர். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. இரு முனையும் வழக்கமான 22 மி.மீ. சிபாப் குழாய்க்குப் பொருந்தும், பக்கவாட்டில் ஆக்சிஜன் குழாய் மாட்ட ஒரு சிறு மூக்கு. சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் பொருள். லேயில் தேடி அலையாமல் ஊரிலேயே இரண்டாக வாங்கிவைத்து, உங்கள் மெஷினில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

மெஷினின் காற்று வெளிவரும் வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டுவது வழக்கம். குழாயின் நீளம் முழுக்கக் கலந்து வருவதால் கலவை சீராக இருக்கும். படுக்கையில் புரளும்போது இழுபடாது. சூடேறும் குழாய் வைத்திருந்தால் இது நடக்காது: மின் இணைப்பு மெஷின் பக்கம் இருப்பதால் நடுவில் எதையும் நுழைக்க முடியாது. அப்போது அடாப்டர் மாஸ்க் பக்கம் போகும், அல்லது சாதாரணக் குழாய்க்கு மாற வேண்டும். சில மெஷின்களுக்கு ஆக்சிஜன் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு ஒன்றையும் வெளிவாயில் மாட்டச் சொல்லுவார்கள். உங்கள் மாடலின் கையேட்டில் ஆக்சிஜன் என்ற தலைப்பில் அது இருக்கும். எத்தனை லிட்டர் வரை சேர்க்கலாம் என்பதும் அங்கேயே.

சிலிண்டரில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் எஃப்.ஏ. வால்வோடு தண்ணீர் பாட்டில் ஒன்று சேர்ந்தே வரும். சிபாப்பின் ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கும் பகுதி) ஓடுமானால் அந்தப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. குழாய்க்குள் தண்ணீர் ஏறும் தொல்லை மிச்சம். ஆனால் மூடியை இறுக்குங்கள். ஆக்சிஜன் காணாமல் போகும் இடங்களில் முதலிடம் அந்த மூடிக்கு. சோதனை எளிது: ஓட்டத்தை 2-இல் வைத்து, ஆக்சிஜன் குழாயின் நுனியை மடக்கிப் பிடியுங்கள். ஃப்ளோ மீட்டரில் மிதக்கும் குண்டு கீழே இறங்கினால் கசிவில்லை. மிதந்துகொண்டே இருந்தால் வழியில் எங்கோ ஒழுகுகிறது. குண்டின் நடுப்பகுதி கோட்டில் நிற்பதுதான் அளவு. மீட்டர் செங்குத்தாக இருக்க வேண்டும்.

இனி இதில் தவறவே கூடாத வரிசை. இரவில் முதலில் சிபாப், பிறகு ஆக்சிஜன். காலையில் முதலில் ஆக்சிஜனை நிறுத்த வேண்டும், பிறகு சிபாப்பை. மெஷின் ஓடாதபோது ஆக்சிஜன் பாய்ந்தால் அது பின்னோக்கிப் போய் மெஷினுக்குள் தேங்கும். அங்கே மோட்டாரும் சூடாகும் தட்டும் மின்சுற்றும் இருக்கின்றன. அடுத்து பொத்தானை அழுத்தும்போது தீப்பிடிக்க வாய்ப்பு. சிறுநீர் கழிக்க நடு இரவில் எழும்போதும் இதே வரிசைதான். டயமாக்ஸ் சாப்பிடுகிறவர் இதை இரவில் மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

மின்வெட்டில் செறிவூட்டியும் சிபாப்பும் ஒன்றாக நின்றுவிடும், ஆகவே ஆபத்து குறைவு. சிலிண்டர் நிற்காது. நின்றுபோன மெஷினுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் படுப்பவருக்கு அந்த வால்வைத் திருகத் தெரிந்திருக்க வேண்டும்.

லடாக் வீடுகளில் தங்கினால் அறை நடுவில் புகாரி என்ற தகர அடுப்பு இருக்கும். விறகோ மண்ணெண்ணெயோ எரியும். ஆக்சிஜன் ஓடும் அறையில் அது எரியக் கூடாது. ஊதுபத்தி, கற்பூரம், சிகரெட், எதுவும். போர்வையிலும் தலையணையிலும் ஆக்சிஜன் ஊறியிருக்கும். ஒரு பொறி போதும். நம் ஆட்களின் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும்: மூக்கு உலர்ந்தால் வாசலின், மூக்கடைத்தால் தைலம். எண்ணெய்ப் பசையுள்ள எதையும் ஆக்சிஜனோடு முகத்தில் பூசக்கூடாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் தடவுங்கள், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். சிலிண்டர் வால்வைத் தொடும் கையிலும் எண்ணெய் கூடாது.

எத்தனை லிட்டர், எப்போது போதும்

ஆக்சிஜன் மருந்து, அளவை மருத்துவர் எழுதித்தர வேண்டும். அவரிடம் வாங்க வேண்டியவை: ஓட்டம் எத்தனை லிட்டரில் தொடங்கி எத்தனை வரை போகலாம், தூக்கத்தில் ஆக்சிமீட்டர் எவ்வளவில் நிற்க வேண்டும், அழுத்தத்தை மாற்ற வேண்டுமா, டயமாக்ஸ் வேண்டுமா. அதை ஆங்கிலத்தில் ஒரே தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிறுவனமும் லேயில் மருத்துவமனையும் கேட்கும்.

பொதுவாக 1 லிட்டரில் தொடங்கி, 15, 20 நிமிடம் கழித்துப் பார்த்து, தேவையென்றால் அரை அரையாகக் கூட்டுவார்கள். விழித்திருக்கும்போது பார்த்த எண்ணை நம்ப முடியாது. தூங்கிய பிறகு உடன் இருப்பவர் பார்க்க வேண்டும், அல்லது இரவு முழுக்கப் பதிவு செய்யும் ஆக்சிமீட்டர் வேண்டும். விரல் சில்லென்றிருந்தால், மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் எண் பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நாடித் துடிப்பின் எண் நிலையாக நின்ற பிறகு படியுங்கள். லேயில் 98-ஐத் துரத்த வேண்டியதில்லை. 90-ஐ ஒட்டி நிலையாக நின்றால் பெரும்பாலோருக்கு அது நல்ல இரவு.

ஆக்சிஜன் அளவு மீறினால் கெடுதலுக்கு ஆளாகும் ஒரு கூட்டமும் உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள், உடல் எடை மிகக் கூடியதால் பகலிலேயே கார்பன் டை ஆக்சைடு தேங்குபவர்கள். அதிக ஆக்சிஜன் இவர்களின் மூச்சை மேலும் மந்தமாக்கும். காலையில் தலை கனத்து, தூக்கம் தெளியாமல், பேச்சு குழறினால் அதை மலைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. சிபாப் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் வைத்துத் தூங்குவது தவறு என்பதற்கும் காரணம் இதுதான்: ஆக்சிமீட்டரில் எண் அழகாக இருக்கும், தொண்டை அடைப்பு முன்னைவிட நீளும், கார்பன் டை ஆக்சைடு ஏறுவது எந்த எண்ணிலும் தெரியாது.

பயணத் திட்டமே பாதி மருத்துவம். விமானத்தில் நேரே லேயில் இறங்குவதைவிட ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் சாலையில் ஏறுவது உடலுக்கு நல்லது. எப்படி வந்தாலும் முதல் 48 மணி நேரம் ஓய்வு. 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. இந்தக் கணக்கில் லேயிலிருந்து பாங்காங் கரைக்கு ஒரே தாவலில் போய்த் தூங்குவது அதிகம். ஆப்னியா உள்ளவர் பகலில் போய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி லேயிலோ நுப்ரா பள்ளத்தாக்கிலோ படுப்பது புத்திசாலித்தனம். நுப்ராவின் ஊர்கள் லேயைவிடத் தாழ்வு. மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டையையும் தளர்த்தும், மூச்சையும் அடக்கும். வேண்டாம்.

ஆக்சிஜனை 3 லிட்டருக்கு ஏற்றியும் எண் ஏறவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருமலில் நுரை அல்லது இளஞ்சிவப்புச் சளி, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாட்டம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஆப்னியா அல்ல. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கத் தொடங்கியிருக்கிறது. சிபாப்பை மாட்டிக் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல், அந்த இரவிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கீழே இறங்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு, மெஷினை முதல் இரவு வழக்கமான அமைப்பில் ஓட்டிப் பதிவைப் பாருங்கள். சென்ட்ரல் எண்ணிக்கை சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். கையால் உயரத்தை மாற்றிய பழைய மெஷின் என்றால் அதைத் திரும்ப 1-க்கு வைக்க மறந்திருப்பீர்கள்.